அக்கா நேராகத்தான் போனாள்

நகரக் காணொளிச் சுருக்க ஆணையத்தின் திரையில் இதுவரை யாரும் தொலைந்ததில்லை. ஊரில் ஆட்கள் தொலைவதுண்டு. அது ஊரின் பாடு.

ஆணையம் பிறந்த கதை எளியது. சந்துபொந்தெல்லாம் கேமரா மாட்டினார்கள். மாட்டியவர்களுக்கு எல்லா ஊரிலும் வருகிற தலைவலி இவர்களுக்கும் வந்தது: எடுத்த படத்தை வைக்க இடமில்லை. படித்தவர்கள் வழி சொன்னார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே உலகம் அப்படியொன்றும் புரண்டுவிடுவதில்லை. மரம் நின்ற இடத்தில் நிற்கிறது, நடக்கிறவன் ஒரு காலைக் கொஞ்சம் முன்னே வைத்திருக்கிறான், அவ்வளவுதான். ஆகவே முழுப் படத்தையும் திரும்பத் திரும்பச் சேமிப்பானேன்? இந்தக் கால் இந்தப் பக்கம் இவ்வளவு நகரும் என்று முந்தின படத்தை வைத்துக் கணித்துவிடலாம். கணிப்பு தப்பிய இடத்தை மட்டும் எழுதி வைத்தால் போதும். அப்படித் தப்பியதற்கு ‘மிச்சம்’ என்று பெயர். இதில் ஒரு குற்றமும் இல்லை. உலகம் பூராவும் இப்படித்தான் படத்தைச் சுருக்குகிறார்கள்.

மிச்சத்தைக் குறைக்கிற பிரிவுக்குப் பதவி உயர்வு என்று ஆணையம் அறிவித்ததிலிருந்துதான் விவகாரம் ஆரம்பித்தது. முந்தின நொடியைப் பார்த்து அடுத்த நொடியைக் கணித்துக்கொண்டிருந்தவர்கள், நேற்றைப் பார்த்து இன்றைக் கணித்தார்கள். பிறகு ஆளாளுக்குத் தனிக் கணிப்பு வந்தது: இன்னார் இந்நேரத்தில் இவ்வழியே போவார். மிச்சம் குறைந்தது, ஆனால் தீரவில்லை. ஜனங்கள் திடீரென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்கள். எதையோ மறந்து திரும்பி ஓடினார்கள். மிச்சம் கூடுதலாகக் காட்டிய பிரிவுகளுக்கு விளக்கம் கேட்டு ஆணை போயிற்று. விளக்கம் எழுதிக் கை சலித்த பிரிவுகள் மிச்சத்தை எழுதுவதையே நிறுத்திவிட்டன. அந்த வருஷம் மிச்சம் பூச்சியமாயிற்று. எல்லா மாடியிலும் கேக் வெட்டினார்கள்.

இந்தச் சங்கதி எதுவும் மோட்டார் மெக்கானிக்குக்குத் தெரியாது. அவர் வீடுகளில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம், வேலைக்குப் போன தன் அக்கா, மழை கொட்டிய ஒரு மாலையில் வீடு திரும்பவில்லை என்பதுதான்.

அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடிக்கிறவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். போகிற நேரமும் வருகிற நேரமும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். தெருவில் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். அவள் முக்குச் சந்திப்பைத் தாண்டுவதைப் பார்த்துத்தான் மருந்துக்கடைக்காரர் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். அப்படிப்பட்டவள் இரண்டு நாளாக வரவில்லை என்றதும் மெக்கானிக்கும் அவர் மனைவியும் காவல் நிலையத்துக்கு ஓடினார்கள்.

எழுத்தர் அமைதியாகக் கேட்டுவிட்டு, மேசைத் திரையைத் தட்டிப் பார்த்தார்.

“வந்துட்டாங்களே.”

“யாருங்க?”

“உங்க அக்கா. முந்தாநாள் வந்தாங்க, நேத்தும் வந்தாங்க. சந்திப்பைத் தாண்டி, நேர் ரோட்டுல வந்து, உங்க கட்டடத்துப் படி ஏறியிருக்காங்க. நீங்களே பாருங்க.”

பார்த்தார்கள். அக்காதான். பழுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலை லேசாகச் சாய்ந்து, அவளுக்கே உரிய அந்த அவசரமில்லாத நடையில் வந்து படியேறி மறைந்தாள்.

“வீட்டுக்குள்ள வரலைங்களே,” என்றார் மெக்கானிக்.

“வீட்டுக்குள்ள எங்க கேமரா இல்ல. வாசல் வரைக்கும் நாங்க கொண்டாந்து விட்டுட்டோம். அதுக்கு மேல குடும்ப விஷயம்.” எழுத்தர் குரலைத் தணித்தார். “ஏதாவது சண்டையா?”

“எங்க அண்ணி வாய் திறந்து பேசவே மாட்டாங்க, அவங்ககூட யாரு சண்டை போட முடியும்?” என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

“அப்ப வீட்டை நல்லாத் தேடுங்க. காணோம்னு நான் எழுதிக்க முடியாது. வந்தவங்களைக் காணோம்னு எழுதினா என் வேலை போயிடும்.”

ஆகவே தேடல் வாசற்படிக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே நடந்தது. கட்டடத்தில் குடியிருந்தவர்கள் எல்லாரும் விசாரிக்கப்பட்டார்கள். கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியாரின் கட்டிலை இழுத்துப் பார்த்தார்கள். அவர் அதற்கப்புறம் மெக்கானிக்கைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். கடைசியில் ஒரு காவலர் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அந்தத் தொட்டி?” என்றார்.

தொட்டிக்கு மோட்டார் போட்டதே மெக்கானிக்தான். இரும்பு ஏணியில் ஏறினார். எத்தனையோ வீட்டுத் தொட்டிகளை எத்தனையோ தடவை திறந்தவர், தன் வீட்டு மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார். கீழே மனைவி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். மூடியைத் தள்ளினார். தண்ணீரில் அவருடைய முகம்தான் தெரிந்தது.

“இல்ல,” என்றார். இறங்கி வந்து படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் சலவைக்கூடத்துக்குப் போனார். அது மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது. ஆவியும் சலவைச் சோடா வாசனையுமாக இருந்த கூடத்தில் ஆள் உயரத்துக்கு விரிப்புகள் குவிந்து கிடந்தன. மேற்பார்வையாளர் குவியலுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

“அக்காவா? தினமும் வர்றாங்களே. வருகைப் பதிவெல்லாம் இப்ப கேமராதான். ஒரு நாள்கூட லீவு இல்ல, தங்கமான ஆளு.”

“எங்க இருக்காங்க?”

மேற்பார்வையாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதாக இருந்தது போலிருந்தது. “இங்கதான் எங்கயாவது இருப்பாங்க. வேலைக்கு வந்துடறாங்க. அதுல குறையே சொல்ல முடியாது. துணிதான் மடிய மாட்டேங்குது.”

மனுக்கொடுத்து, நடந்து, கெஞ்சி, மெக்கானிக் ஆணையத்தின் தலைமையகத்தை அடைவதற்குள் சில வாரங்கள் ஓடின. அந்த வாரங்களில் அக்கா ஒரு நாள் தவறாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். எழுத்தர் வழியில் கண்டால், “இன்னிக்கும் வந்துட்டாங்க,” என்று சைக்கிளில் போகிற போக்கில் ஆறுதல் சொல்வார். வீட்டில் ஒரு தட்டு தினமும் போடப்பட்டு, தினமும் எடுக்கப்பட்டது. யாராவது படியில் ஏறினால் மெக்கானிக்கின் மனைவி கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்ப்பாள். பிறகு உள்ளே போய், வெங்காயம் நறுக்காமலேயே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

தலைமையகத்தில், ஆணையர் அறைக்கு வெளியே நீண்ட நடைக்கூடம். அங்கே அவருக்கு முன்பே ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலரில் வரிசையாகக் குண்டூசிகள்.

“யாரைக் காணோம்?” என்று சாதாரணமாகக் கேட்டார், எந்த பஸ் என்று கேட்பது போல.

“அக்காவை. உங்களுக்கு?”

“பையன். காலேஜ் போறான்னு காட்டுது. தினமும் போறான், தினமும் வர்றான். இருந்த வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு நாள் போனாலே அதிசயம்.” தையல்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “காணாமப் போனப்புறம்தான்யா என் பையன் ஒழுங்காப் படிக்கிறான்.”

ஆணையர் அறை குளுகுளுவென்று இருந்தது. ஒரு சுவர் முழுக்கத் திரை, மற்ற சுவர்கள் முழுக்கக் கேடயங்கள். ஆணையர் மெக்கானிக்கை எழுந்து நின்று வரவேற்றது மெக்கானிக்குக்கே பயமாக இருந்தது. பக்கத்தில் பொறியாளர் அம்மையார் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். ஆள் கணிப்பை எழுதியவர் அவர்தான்.

“நீங்க யாருன்னு தெரியுமா?” என்றார் ஆணையர். “நீங்க எங்க முன்மாதிரி நடையாளரோட தம்பி. உங்க அக்காவை வச்சுத்தான் இந்தக் கணிப்பையே நாங்க பழக்கினோம். இந்த ஊர்ல சில பேர் இருக்காங்க, தோணினபடி நடப்பாங்க. போயிட்டே இருக்கும்போது வானத்தைப் பாப்பாங்க. எதுக்குன்னு கேட்டா பதில் கிடையாது. அந்த மாதிரி ஒருத்தனைச் சேமிக்க எவ்வளவு இடம் போகுது தெரியுமா? ஆனா உங்க அக்கா, இத்தனை வருஷத்துல, எங்க சேமிப்புக் கிட்டங்கியில கைக்குட்டை அளவு இடம்கூட எடுத்துக்கல. நேத்து எப்படியோ இன்னிக்கும் அப்படி. நான் கூட்டத்துல எல்லாம் சொல்றதுண்டு. நல்ல குடிமகனுக்கு என்ன அடையாளம்? அவனைச் சேமிக்க இடமே தேவைப்படக் கூடாது.”

மெக்கானிக்குக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

“சார், அவங்க வீட்டுல இல்ல சார்.”

“பாத்துடலாம்.” ஆணையர் விரலை அசைத்தார். அந்த மழை நாள் மாலை திரையில் ஓடிற்று. அக்கா சந்திப்புக்கு வந்தாள், நேராகப் போனாள், படியேறினாள்.

“சார், அன்னிக்கு மழை. பேய் மழை. இதுல அக்கா நனையவே இல்ல. ரோடே காஞ்சு கிடக்கு.”

ஆணையர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் கணினியைப் பார்த்தார். “மழை அன்னிக்குக் கணிப்புல இல்ல சார். அது மிச்சத்துலதான் வந்திருக்கும்.”

“மிச்சம்?”

“பூச்சியம் சார்.”

“கேட்டீங்கல்ல,” என்றார் ஆணையர். “மழை பெய்யல.”

“சார், போன வாரம் பாருங்க. நேர் ரோட்டுல குழாய் போடறதுக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்காங்க. நான் அதைத் தாண்டித்தான் இங்க வந்தேன். அக்கா அதுக்கு மேல காத்துல நடந்து போறாங்க.”

திரையில் அக்கா நடந்துபோனாள். பள்ளம் இல்லை, மண்குவியல் இல்லை, சிவப்புக் கொடி இல்லை. ஆணையர் நெற்றியைச் சுருக்கினார். விவகாரத்தின் தீவிரம் அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

“அந்தப் பள்ளத்துக்கு அனுமதி வாங்கினாங்களா?” என்றார்.

உதவியாளர் ஒருவர் ஓடினார்.

நல்லவேளையாகப் பொறியாளர் அம்மையாருக்கு மனம் கேட்கவில்லை போலிருந்தது. “நான் ஒண்ணு கேக்கலாமா?” என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். “எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தா கணிப்பு அதையேதான் போடும். அன்னிக்கு மட்டும் அவங்க வித்தியாசமா ஏதாவது செஞ்சிருந்தா சொல்லுங்க, அதை வச்சு நான் தேடறேன். என்ன கலர் டிரஸ்?”

மெக்கானிக் யோசித்தார். “எப்பவும் போடறதுதான்.”

“அதுதான் என்ன கலர்?”

தெரியவில்லை.

“காலையில என்ன சாப்பிட்டாங்க? போகும்போது என்ன சொன்னாங்க? முகம் எப்படி இருந்தது?”

“எப்பவும் போலத்தாங்க. ஏதோ சொன்னாங்க. சரிக்கான்னேன்.”

பொறியாளர் தட்டச்சு செய்யக் கையைத் தூக்கிவிட்டு, தட்டாமலே கீழே வைத்தார். “உங்களுக்கும் மிச்சம் பூச்சியம்தான்,” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது மெக்கானிக்குக்கு வலித்தது.

ஆணையர் பெருந்தன்மையாக ஒரு முடிவுக்கு வந்தார். ‘மறுநடை’ நடத்தலாம். அக்கா போகிற அதே நேரத்தில் அதே வழியில் மெக்கானிக் நடக்க வேண்டும். அக்கா அன்றைக்கு வேறெங்காவது போயிருப்பாள் என்று தோன்றினால் அப்படியே நடந்து காட்டலாம். நேரலையில் ஆணையமே பார்க்கும். கணிப்பு தப்பா, இல்லை குடும்பம் தப்பா என்பது அத்தோடு தெரிந்துவிடும்.

வெளியே வந்தபோது தையல்காரர், “என்ன சொல்றாங்க?” என்றார்.

“நடக்கச் சொல்றாங்க.”

“பரவால்லயே. என்னை உக்காரச் சொல்லியிருக்காங்க.”

மறுநாள் மாலை மெக்கானிக் சலவைக்கூட வாசலிலிருந்து நடந்தார். ஆணையத்தின் கட்டளைப்படி தோளில் ஒரு பை. அதில் அக்காவின் பையில் இருக்கக்கூடிய எடை: இரண்டு செங்கல். பாதி வழியிலேயே தோள் இறங்கிற்று. இத்தனை வருஷமாக அக்கா அந்தப் பையில் அப்படி என்னதான் கொண்டுவந்தாள் என்று யோசித்தார். காய்கறியாகத்தான் இருக்கும். வீட்டுக்குக் காய்கறி எப்படி வருகிறது என்று அவர் அதுவரை யோசித்ததில்லை.

சந்திப்பில் மருந்துக்கடைக்காரர் அனிச்சையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனார். நேர் ரோட்டில் பள்ளம் இன்னும் திறந்து கிடந்தது. வலது பக்கம் மதில் சுவர். இடது பக்கம் ஒரு தெரு இருந்தது. இத்தனை வருஷமாக இந்தச் சந்திப்பைத் தாண்டுகிறார். அந்தத் தெருவில் அவருக்கு ஒரு மோட்டார்கூட ரிப்பேருக்கு வந்ததில்லை, ஆகவே அந்தத் தெருவும் இருந்ததில்லை. பத்துப் பேருக்கு முன்னால் அபத்தம் செய்கிறவனின் கூச்சத்தோடு இடது பக்கம் திரும்பினார்.

தெரு சேறும் சகதியுமாக இருந்தது. சைக்கிள் கடை, பூட்டிய கிட்டங்கி, ஒரு பல் டாக்டர். அதற்கு அடுத்து, கண்ணாடி ஜன்னல் வைத்த சலவைக் கடை. ஜன்னலுக்குப் பின்னால் அக்கா நின்று ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் செங்கற்களோடு அப்படியே நின்றார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை ஒரு பக்கமாக நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடா?”

மெக்கானிக் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். சூடாக இருந்தது.

“என்னடா அழறே? உள்ள வா. தெருவே பாக்குது.”

“இங்கயா இருக்கே? இங்கயேவா இருந்தே?”

“சொல்லிட்டுத்தானே வந்தேன்.”

“எப்ப சொன்னே?”

“ஒரு வாரமாச் சொன்னேன். இந்தக் கடையில வேலை கிடைச்சிருக்கு, மேல ஒரு ரூம் தர்றாங்க, அங்க போய் இருக்கப் போறேன்னு. சாப்பிடறப்ப சொன்னேன். நீயும் தலையாட்டினே, உன் பொண்டாட்டியும் தலையாட்டினா. போற அன்னிக்குக் காலையிலயும் சொன்னேன். ‘சரிக்கா’ன்னே.” அக்கா அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். “கேக்கவே இல்லையா?”

மெக்கானிக் தலையை இடம் வலமாக ஆட்டினார்.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா.”

“போன் உன் பேர்ல வாங்கினது. அலமாரியில வச்சுட்டேன். நீங்க வருவீங்கன்னு புதுசா ரெண்டு கப் வாங்கி வச்சேன். யாரும் வரல. கோவிச்சுக்கிட்டீங்க போலிருக்கு, ஆறட்டும்னு விட்டுட்டேன்.”

“உன்னைத் தண்ணித் தொட்டியில எல்லாம் தேடினேன்க்கா.”

“தொட்டியிலயா? நான் என்னடா பல்லியா?” என்று சிரித்தாள் அக்கா. சொன்ன பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது. அவர் தோளிலிருந்து பையை எடுத்தாள், எடை தாங்காமல் உள்ளே பார்த்தாள். “செங்கல் எதுக்குடா?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். திரையை, எழுத்தரை, மடியாத விரிப்புகளை, கைக்குட்டை அளவு இடத்தை. அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப நான் தினமும் வீட்டுக்கு வர்றேனா?”

“தினமும்.”

“சமைக்கிறேனா?”

“கேமரா வாசலோட நின்னுடுது.”

“அது வரைக்கும் தப்பிச்சேன்.”

உள்ளே இஸ்திரி மேசையருகே முக்காலி போட்டு உட்கார வைத்து டீ கொடுத்தாள். மெக்கானிக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா மறுபடி சட்டையை எடுத்தாள். நீலக் கட்டம் போட்ட உடை, இடது மணிக்கட்டில் ஒரு பழைய சுட்ட தழும்பு, காதோரம் நிறைய நரை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்கு வாக்கா.”

“வர்றேன். லீவு நாள்ல வர்றேன். விருந்தாளி மாதிரி உக்காந்து சாப்பிட்டுட்டுப் போறேன்.” சட்டையைத் திருப்பிப் போட்டாள். “உங்க மேல கோவம் எல்லாம் இல்லடா. ஒரு நாள் அந்தச் சந்திப்புல நிக்கிறேன், மருந்துக்கடைக்காரர் என்னைப் பாத்து வாட்ச்சைத் திருகறாரு. நான் ஒரு நாள் லேட்டா வந்தா ஊர்ல மணி தப்பாயிடுமேன்னு பயந்துட்டு வேகமா நடக்கறேன். நடக்கும்போதே தோணுச்சு, இது என்ன பொழப்புன்னு. இங்க கடையைச் சாத்தினதும் ஒரு நடை போவேன். நேத்து ஆத்துப் பக்கம் போனேன். இன்னிக்கு எங்கன்னு எனக்கே தெரியாது.”

தலைமையகத்துக்கு அவர் திரும்பியபோது அறையில் கைதட்டல் நடந்துகொண்டிருந்தது. ஆணையர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

“பிரமாதம். அப்படியே அக்காவாவே நடந்தீங்க. வாங்க, பாருங்க.”

திரையில் சலவைக்கூட வாசலிலிருந்து அக்கா புறப்பட்டாள். மெக்கானிக்கின் உயரம் இல்லை, மீசை இல்லை, செங்கல் கனத்தில் சாய்ந்த தோள் இல்லை. அக்கா சந்திப்புக்கு வந்தாள், பள்ளம் இல்லாத நேர் ரோட்டில் நேராகப் போனாள், படியேறினாள்.

“இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?” என்றார் ஆணையர். “வேற ஆளே நடந்தாலும் எங்க கணிப்பு தடுமாறல. மனுஷங்க மாறிட்டே இருப்பாங்க தம்பி. அவங்களை நம்பி ஒரு ஊரை நடத்த முடியாது. கணிப்பு நிலையா நிக்கும்.”

பொறியாளர் அம்மையார் கைதட்டவில்லை. அவர் மெக்கானிக்கின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செருப்புல சேறு,” என்றார் மெதுவாக. “நேர் ரோடு தார் ரோடாச்சே. நீங்க திரும்பினீங்கதானே?”

ஆணையர் பொறியாளர் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்க,” என்றார் பொறியாளர். “நீங்க சொன்னீங்கன்னா நான் மிச்சத்தை மறுபடி எழுத வைக்க முடியும். அதைத்தான் ஒரு வருஷமாக் கேட்டுட்டிருக்கேன். ஒரே ஒரு திருப்பத்துக்கு ஆதாரம் வேணும்.”

ஆணையர் கொஞ்சமும் சங்கடப்படவில்லை. ஒரு நல்ல யோசனை வந்தவர்போல முகம் மலர்ந்தார்.

“திரும்பினா நல்லதாப் போச்சு. அதையும் கத்துக்கலாம். மேடம் கேட்கறதைவிட நான் ஒரு படி மேல போறேன். அக்கா எங்க திரும்பினாங்கன்னு மட்டும் சொல்லுங்க. நாலு ஆளைப் போட்டுக் கொஞ்ச நாள் பின்னாடியே போகச் சொல்றேன். எந்தச் சந்துல நுழையறாங்க, எங்க நின்னு மூச்சு வாங்கறாங்க, எல்லாம் பழக்கிடலாம். அப்புறம் பாருங்க, அவங்க திரும்பணும்னு நினைக்கறதுக்கு முன்னாடி நாங்க திருப்பிடுவோம். மறுபடி முன்மாதிரி நடையாளர் ஆக்கிடலாம். இந்த வருஷ விருதும் நமக்குத்தான்.”

மெக்கானிக் பொறியாளரைப் பார்த்தார். அந்த அம்மையாரின் கண்ணில் கெஞ்சல் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தையல்காரரின் தலை தெரிந்தது. உண்மையைச் சொன்னால் ஒருவேளை அந்தப் பையன் எங்கே திரும்பினான் என்பதும் கிடைக்கலாம். உண்மையைச் சொன்னால் நாளை மாலை கடையைச் சாத்திவிட்டு அக்கா கிளம்பும்போது நாலு பேர் கிளம்புவார்கள். இத்தனை வாரமாக இந்த அறைக்குள் வந்து சொல்ல வேண்டும் என்று துடித்த ஒரே வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. அதை விழுங்கினார்.

“வர்ற வழியில பள்ளத்துல கால் வச்சுட்டேன்,” என்றார். “நேராத்தான் சார் போனேன்.”

“அக்கா?”

“வீட்டுலதான் இருக்காங்க. நாங்கதான் சரியாப் பாக்கல.”

பொறியாளர் மடிக்கணினியை மூடினார். ஆணையர் மெக்கானிக்கின் தோளைத் தட்டினார். “இதைத்தான் நாங்க முதல்லயே சொன்னோம்,” என்று அறைக்குச் சொன்னார். எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள். பள்ளம் தோண்டியவர்களுக்கு ஆணை தயாராகிவிட்டதாக உதவியாளர் வந்து சொன்னார்.

நடைக்கூடத்தில் தையல்காரர் எழுந்து நின்றார். “கிடைச்சாங்களா?”

மெக்கானிக் திரும்பி ஆணையரின் கதவைப் பார்த்தார். பிறகு தையல்காரரின் சட்டைக் கையைப் பிடித்து மாடிப்படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

“உங்க பையன் திரையில எந்த வழியாப் போறான்?”

“பாலத்து மேல.”

“அப்ப பாலத்தை விட்டுடுங்க. பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கீழ எங்கெல்லாம் ஆள் போக முடியுமோ அங்கெல்லாம் போய்ப் பாருங்க. நீங்களே நடந்து போங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“என் முறை வரப் போகுதே.”

“வரட்டும்.”

தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். பையன் கடைசியாக என்ன சொன்னான் என்று நினைத்துப் பார்க்கிற முகமாக இருந்தது அது. பிறகு, காலரில் குண்டூசிகள் மினுமினுக்க, இரண்டிரண்டு படியாக இறங்கினார். அவருக்குப் பின்னால் மெக்கானிக்கும் இறங்கினார்.

மேலே கதவு திறந்தது. உதவியாளர் எட்டிப் பார்த்து, “தையல்காரர் வரலாம்,” என்றார். பதில் இல்லை. நடைக்கூடத்துக்கும் ஆணையம் ஒரு கேமரா வைத்திருந்தது, அதன் படம் உதவியாளரின் மேசைத் திரையிலேயே ஓடும். நாற்காலியைப் பார்க்காமல் அவர் திரையைப் பார்த்தார். தையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இருக்காரு சார். கூப்பிட்டாத்தான் எழுந்து வர மாட்டேங்கறாரு.”

“அவசரம் இல்லாத ஆளு போல,” என்றார் உள்ளே ஆணையர், திருப்தியோடு. “அப்படியே உக்காந்திருக்கட்டும். இடம் எதுவும் எடுத்துக்கல பாருங்க.”